எலிக்குடல் சொன்ன சாட்சி

எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு எலியின் குடலைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. மூன்றாவது ஆள் நான். நகரப் பேருந்து ஓட்டுகிறேன். குடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பசித்தால் அது சத்தம் போடும் என்பதோடு முடிந்துவிடும்.

என் மனைவி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலி வளர்க்கிறாள். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ‘கிருமியில்லா விலங்கறைப் பொறுப்பாளர்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டுமாம். சரி, சொல்லியாகிவிட்டது. அந்த அறையில் கட்டில் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே போவது வடிகட்டிய காற்று. தீவனம் நீராவியில் வெந்த தீவனம், தண்ணீரும் அப்படியே. கூடாரத்தின் பக்கத்தில் நீளமான ரப்பர் கையுறைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே நின்றபடி அதற்குள் கையை விட்டுத்தான் எலியைத் தூக்க முடியும். அந்த எலிகள் பிறந்ததிலிருந்து ஒரு கிருமியின் முகத்தில்கூட விழித்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அறை அவள் பொறுப்பில் இருக்கிறது; ஒருமுறைகூட உள்ளே கிருமி புகுந்ததில்லை. ‘என் ரூம்’ என்று அவள் சொல்லும் தோரணையைக் கேட்டால் நானே கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன்.

என் தங்கை அதே நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். எங்களோடுதான் இருக்கிறாள். அவளை அங்கே சேர்த்துவிட்டதே என் மனைவிதான். அண்ணி வளர்ப்பாள், நாத்தனார் அறுப்பாள். இப்படி ஒரு குடும்பத் தொழில். இரண்டு பேரும் நகமும் சதையும். காலையில் என் பேருந்திலேயே ஏறி, எனக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, என்னைப் பற்றி எனக்குக் கேட்கும்படியாகவே பேசிக்கொண்டு வருவார்கள். திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல முடியாத தொழில் என்னுடையது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் பாடம் நடக்கும்.

“அண்ணா, உன் குடலோட உள்சுவர் எவ்வளவு தடிமன் தெரியுமா? ஒரே ஒரு வரிசை செல்லு. அந்தப் பக்கம் கோடிக்கணக்குல கிருமி, இந்தப் பக்கம் நீ.”

“ஒரே வரிசையா? கொஞ்சம் கெட்டியா கட்டியிருக்கலாமே.”

“கெட்டியா கட்டினா சாப்பாடு எப்படி உள்ள வரும்? உனக்குத்தான் மூணு வேளையும் வரணுமே.”

அந்தச் சுவர் சும்மா நிற்கும் சுவர் இல்லையாம். கிருமியின் மேலுறையிலிருந்து உதிரும் துணுக்குகளைத் தொட்டே, யாரோ வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடும். உடனே அதிலுள்ள செல்கள் ஒரு வகைப் புரதத்தைச் சுரக்கும். அதிலும் சின்னச் சின்னக் குழிகளின் அடியில் காவலுக்கென்றே உட்கார்ந்திருக்கும் சில செல்களுக்கு வேறு வேலையே கிடையாதாம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல், கடைக்குப் போகாமல், உடம்பே தயாரித்துக்கொள்ளும் கிருமிக்கொல்லி. கிட்டே நெருங்கும் கிருமியின் தோலில் அது ஓட்டை போட்டுவிடும்.

“எல்லாத்தையும் கொன்னுடுமா?” என்று கேட்டேன்.

“ஐயோ, கொன்னா நமக்குத்தான் நஷ்டம். அதுல நல்லதும் நிறைய இருக்கு. வரலாம், உக்காரலாம், சாப்பிடலாம். சுவத்துல மட்டும் சாயக் கூடாது. அவ்வளவுதான்.”

“அப்படியே உங்க அண்ணி மாதிரி.”

“உங்க சிநேகிதங்க எண்ணெய்த் தலையைக் கொண்டுவந்து சுவத்துல தேய்ச்சா நான் வேற என்ன பண்றது?” என்றாள் மனைவி, தட்டிலிருந்து நிமிராமல்.

தங்கையின் ஆராய்ச்சி இதுதான். கிருமியே இல்லாத எலியின் குடல் சுவரில் அந்தப் புரதம் இருந்தும் இல்லாத மாதிரிதான் இருக்கும். வராத விருந்தாளிக்கு யார் காவல் போடுவார்கள்? பிறகு அந்த எலிக்கு ஒரு கிருமியைக் கொடுத்து, சுவர் எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொள்கிறது, எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பாள். ஆக, அவளுக்கு வேண்டியது தூங்கும் சுவர். அதை வளர்த்துக் கொடுப்பது அண்ணியின் வேலை.

ஒரு நாள் சாயங்காலம் தங்கை சாப்பிடாமல் விரலால் மேசையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

இப்படி ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் கோபத்தில்தான் முடியும் என்பது என் அனுபவம். நான் முட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

“கிருமி குடுக்காத எலியிலயே அந்தப் புரதம் ஏகத்துக்கு இருக்கு. சுவர் முழிச்சுக்கிட்டு இருக்கு.”

“என் எலியா? சான்ஸே இல்ல. நீ சாம்பிள் குழாயை மாத்தி வச்சிருப்பே.”

“மறுபடியும் பண்ணிப் பாத்துட்டேன் அண்ணி. அதேதான் வருது.”

“அப்போ மறுபடியும் மாத்தியிருப்பே. வாராவாரம் நான் எலிப்புழுக்கையை எடுத்து லேப் தட்டுல தேய்ச்சு, கிருமி வளருதான்னு பாக்கறேன். காத்து இருக்கற தட்டு, காத்து இல்லாத தட்டு, ரெண்டும். ஒரு புள்ளி கூட வரல.”

“தட்டுல வரலைன்னா உள்ள இல்லைன்னு அர்த்தமா? சுவர் பொய் சொல்லாது அண்ணி.”

“அப்போ நான் சொல்றேனா?”

முட்டை அடியில் பிடித்துக்கொண்டது. நான் திருப்பவில்லை. தங்கை, “நான் அப்படிச் சொல்லல” என்றாள். “வேற எப்படிடி சொல்லுவாங்க?” என்றாள் மனைவி. இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் கப்சிப். மனைவி அறைக்குள் இருந்தபடி, “என்னங்க, சோப்பு தீர்ந்துபோச்சான்னு கேளுங்க” என்பாள். தங்கை என் காதுக்குப் பக்கத்தில் நின்று, “இருக்குன்னு சொல்லுண்ணா” என்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் சோப்பு விவகாரத் தூதராக நான் பதவி வகித்தேன். பேருந்திலும் அப்படித்தான். ஒருத்தி முன்னால் ஏறினால் இன்னொருத்தி பின்னால் போய் உட்காருவாள். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலுக்கு வெளியே அப்படி என்னதான் பார்த்தார்களோ. தினமும் அதே கடைகள்தான், அதே பெட்ரோல் பங்குதான்.

எனக்கு விளையாட்டெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்துபோயிற்று. காரணம், தங்கை விடுதியில் அறை பார்க்க ஆரம்பித்திருந்தாள். “லேபுக்குப் பக்கமா இருந்தா வசதிண்ணா” என்றாள். வசதியாம். எதிரே இருப்பவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடுவதற்கு வசதி என்று பெயர். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் என் மனைவியும் சோப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம். எனக்குப் பயமாக இருந்தது. உள்ளதைச் சொல்வதற்கு என்ன வெட்கம், அவள் போகக் கூடாது என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரில் ஒருத்தி தப்பு செய்திருக்கிறாள். தப்பு தங்கையுடையதாக இருந்தால் அவள் இத்தனை நாள் அளந்த அளவை எதையும் நம்ப முடியாது. அறையில் கிருமி இருந்தால் எல்லாக் கூடாரத்தையும் காலி செய்ய வேண்டும். எலிகள் ஒன்று பாக்கியில்லாமல் போக வேண்டும். என் மனைவியின் பெயரும் அவற்றோடு போகும். நான் யாருக்கு வேண்டிக்கொள்வது?

ஒரு மத்தியானம் தங்கை தனியாக ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அங்கே டீ குடிக்கும் நேரம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணா, நான் பாத்துட்டேன்” என்றாள்.

“எதை?”

“அண்ணியோட எலி ஒண்ணு. சிறுகுடலோட கடைசித் துண்டை எடுத்து, நல்லா கழுவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல வச்சேன். சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது அண்ணா. நூல் மாதிரி, தலைமுடி மாதிரி. அந்தக் கிருமி தட்டுல வளராது. அது சுவத்துல நங்கூரம் போட்டாதான் வாழும். புழுக்கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு அண்ணி தேடினது சரிதான். ஆனா அந்தத் தட்டுக்கு அதை வளர்க்கத் தெரியாது. சுவத்துக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.”

“அப்போ நீ ஜெயிச்சுட்டே.”

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஜெயித்தவர்கள் அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

“நான் சொல்லப் போறதில்லண்ணா. நாளைக்கு மீட்டிங் இருக்கு. குழாயை மாத்திட்டேன்னு சொல்லிடறேன். எனக்கு ஒரு வருஷம் போகும். போனா போகட்டும். அண்ணிக்கு அந்த ரூம்தான் எல்லாம். நீ சொல்லிடாத. என் மேல சத்தியம்.”

தலையை ஆட்டினேன். வண்டி எடுக்கும் நேரமாகிவிட்டது. வழியெல்லாம் எனக்கு யோசனை. அறை சுத்தம் என்று பெயர் இருக்கும், அதற்குள் கிருமியும் இருக்கும். அந்த எலிகளை வாங்கிப்போய் இன்னும் யார் யார் எதையெல்லாம் அளப்பார்களோ. அது கிடக்கட்டும். தங்கை உண்மையை விழுங்கிவிட்டு விடுதிக்குப் போவாள், மனைவி அவளைக் கைதவறியவள் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பாள், இரண்டையும் தெரிந்துகொண்டு நான் நடுவில் முட்டை பொரிப்பேன். ஒரு சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டப் பார்த்து, பிரேக்கை மிதித்ததில் பயணிகள் என் பரம்பரையையே விசாரித்தார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை லேபிலிருந்து வரவில்லை. மனைவிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏற்கெனவே நிரம்பியிருந்த டம்ளரில் ஊற்றியிருக்கிறேன். மேசையெல்லாம் வழிந்தது.

“என்ன மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லையே.”

“இதே மாதிரி ஒண்ணுமில்லைன்னு சொல்லித்தான் என் தம்பியோட ஸ்கூட்டரைக் கேட்ல இடிச்சதை மறைச்சீங்க. சொல்லுங்க.”

எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தேன் என்று கேட்காதீர்கள். துணியை எடுத்து மேசையைத் துடைத்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் கேட்ட முதல் கேள்வி, “நூல் மாதிரின்னா, கணு கணுவாவா?”

“கணுவைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல.”

“உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க.” பிறகு உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. தனக்குத்தானே பேசுவதுபோல, “தீவனம்” என்றாள். “தீவனப் பைதான்.”

தங்கை நிறைய எலிகள் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதற்காக இவள் கூண்டுகளைக் கூட்டியிருக்கிறாள். வாய்கள் கூடியபோது தீவனமும் கூட வேண்டும். நீராவி இயந்திரமோ அதே ஒன்றுதான். எனவே பைகளில் கொஞ்சம் அழுத்தித் திணித்திருக்கிறாள். இறுகின பையின் நடுவுக்கு ஆவி சரியாகப் போகவில்லை. கிடங்கில் ஏதோ ஒரு ஊர் எலி, சம்பளமும் கூடாரமும் இல்லாத சுதந்திர எலி, அந்தத் தீவனத்தில் தன் காரியத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதில் விதை மாதிரி உறங்கிக்கிடந்த கிருமி ஆவிக்குத் தப்பிப் பிழைத்துக்கொண்டது. இவ்வளவையும் எனக்கு விளக்கிவிட்டு, “என் கையாலதான்” என்றாள்.

“அவ சொல்லப் போறதில்ல. குழாயை மாத்திட்டேன்னு நாளைக்குச் சொல்லப் போறா. உனக்காகத்தான்.”

“யாரைக் கேட்டு?” என்று எழுந்தாள் பாருங்கள், நான் துணியோடு இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

மறுநாள் அவள் என் பேருந்தில் வரவில்லை. முன்னாடியே கிளம்பிப் போய்விட்டாள். அடுத்து நடந்ததைத் தங்கைதான் பிறகு எனக்கு நடித்துக் காட்டினாள். ஆய்வுக்கூடத்தின் தலைவி ஓர் அம்மையார். அவருக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் ‘அப்புறம்’. நீங்கள் உயிரைக் கொடுத்து ஒன்றைச் சொல்லி முடித்தாலும் அவர் அதையேதான் கேட்பார்.

தங்கை எழுந்து நின்று, “மேடம், அந்த அளவுகள்ல தப்பு நடந்திருக்கு. நான் குழாய்களை...” என்று ஆரம்பித்திருக்கிறாள். கதவு திறந்தது. என் மனைவி, அறைக்குள் போடும் கவுனோடும் தலையுறையோடும் நின்றிருக்கிறாள். அப்படியே வெளியே வரக் கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிறவள்.

“அவ எதையும் மாத்தல மேடம். என் ரூம்ல கிருமி இருக்கு. காலைல நானே பாத்தேன்.”

“அப்புறம்?”

“தீவனப் பையில அளவுக்கு மேல திணிச்சுட்டேன். ஆவி நடுவுக்குப் போகல. எல்லாக் கூடாரத்துக்கும் அதே தீவனம்தான் போயிருக்கு.”

“அப்புறம்?”

“எல்லாத்தையும் முடிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். தட்டு சுத்தமா இருந்தா ரூம் சுத்தம்னு இனி எழுதித் தர மாட்டேன். அவ செஞ்ச மாதிரி சுவத்தையும் பாக்கணும்.”

அந்த அம்மையார் மூன்றாவது தடவை அப்புறம் என்று கேட்கவில்லையாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உக்காரும்மா” என்றாராம். இவள் உட்காரவில்லை. பைகளில் யாருக்காகத் திணித்தாள் என்பதையும் சொல்லவில்லை.

தங்கை பின்னாலேயே ஓடியிருக்கிறாள். நடைபாதையில், “அண்ணி, நான் உங்களுக்காகத்தான்...” என்று சொல்லி முடிக்கவில்லை. திரும்பினாள் அண்ணி.

“எனக்காகவா? ஒரு எலியோட குடல், கண்ணு கிடையாது, காது கிடையாது, யாரோ வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் சத்தம் போடுது. நீ டாக்டர் பட்டம் வாங்கப் போறவ. கண்ணால பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு என் ரூம் சுத்தம்னு சர்டிபிகேட் குடுக்க வந்துட்டே. கிருமி எனக்குத் தெரியாம உள்ள வந்ததைக்கூட விட்டுடுவேன்டி. நீ எனக்குத் தெரியாம என்னைக் காப்பாத்த வந்தே பாரு, அதை விட மாட்டேன்.”

“சரி அண்ணி.”

“என்ன சரி? கவுனைப் போட்டுக்கிட்டு வா. தனியா அவ்வளவையும் என்னால முடியாது.”

அன்று முழுக்க இரண்டு பேரும் கூடாரம் கூடாரமாகக் காலி செய்தார்கள். எலிகளுக்கு வலிக்காமல் முடிப்பதற்கு முறை இருக்கிறதாம். அதை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புது எலிகள் வேறு நிலையத்திலிருந்து வந்து, பெருகி, தங்கைக்குத் தேவையான எண்ணிக்கை சேர மாதக்கணக்காகும். பட்டம் தள்ளிப்போயிற்று. என் மனைவியை அந்த அறையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் இனி அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தோற்றது இரண்டு பேரும்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கிற சத்தம் எது, அழுகிற சத்தம் எது என்று எனக்குத் தெரியாதா? கதவைத் தட்டப் போனேன். தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, தானே கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணி, விடுதிக்கு வரலைன்னு சொல்லிட்டேன்” என்றாள் கதவிடம்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“வெளிய வாங்க அண்ணி. அண்ணா சமைச்சது எப்படியும் வாயில வைக்க முடியாது, சேர்ந்தாவது சாப்பிடுவோம்.”

குழாய் நின்றது. கதவு திறந்தது. மனைவியின் மூக்கு சிவந்து கிடந்தது, தலைமுடி நனையவே இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து விரலை நீட்டினாள்.

“இன்னொரு தடவை என் ரூம் மேல சந்தேகம் வந்தா என் முகத்துக்கு நேரா சொல்லணும். புரியுதா?”

“சொன்னேனே அண்ணி” என்றாள் தங்கை, மெதுவாக. “முதல் நாளே சொன்னேன். நீங்கதான் கேக்கல.”

மறுபடியும் சோப்புத் தூது ஆரம்பிக்கப் போகிறது என்றே நினைத்தேன். மனைவி நீட்டின விரலை மடக்கினாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மெல்லத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆமா” என்றாள். “நான் கேக்கல.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையை அவள் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சாப்பாட்டை எடுத்து வைக்கப் போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கு என் தங்கை மேல் பொறாமையாக இருந்தது.